என்னைப் பற்றி நானே எழுதியது

நிக்கறேன். ஆதர்ஷ் உக்காந்திருக்கற நாற்காலிக்குப் பின்னாடி, அதோட முதுகை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். அவன் இலையில இப்பத்தான் சாம்பார் விழுந்திருக்கு. இனி வத்தக்குழம்பு, ரசம், பாயசம், மோர், அப்புறம் அந்த ஐஸ்கிரீம் கப்பு, அதை மரக்குச்சியால அடி வரைக்கும் சுரண்டறது, எல்லாம் முடிஞ்சு அவன் எந்திரிக்கற வரைக்கும் நான் இப்படியேதான் நிக்கோணும். பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, தலையில பூ வெச்சுக்கிட்டு, அடுத்தவன் திங்கறதை அவன் பின்மண்டைப் பக்கமிருந்து பாத்துக்கிட்டு நிக்கறதுக்குப் பேருதான் நம்ம ஊர்ல கல்யாணத்துக்குப் போறது. "மோர் ஊத்தினவங்க பின்னாடி நில்லு கண்ணு, சாம்பார்ல இருக்கறவங்க பின்னாடி நின்னா காலுதான் கடுக்கும்." இது அம்மாவோட பந்திக் கணக்கு. எத்தனை மண்டபத்துல பாத்தாச்சு, ஒரு தடவையும் தப்பினதில்லை. இன்னைக்கு அம்மாவே கணக்கை மாத்திருச்சு. ஆதர்ஷைப் பாத்ததும், "அட, உங்க ஆபீஸ் பையன். தெரிஞ்ச பையன் பின்னாடி நின்னா வேற யாரும் வந்து பூந்துக்க மாட்டாங்க"ன்னு என்னை இங்க தள்ளிட்டு, அது பக்கத்து நாற்காலிக்குப் பின்னாடி கைப்பையோட காவல் நிக்குது. அம்மாவுக்குத் தெரியாது. இவனுக்கு சீட்டுக் குடுத்த அதே காலேஜ்தான் எனக்கு இல்லைன்னு சொல்லிருச்சுன்னு அம்மாவுக்குத் தெரியாது. எம்பிஏ ரிசல்ட் இன்னும் வரலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். வியாழக்கிழமையே வந்துருச்சு.

வியாழக்கிழமை டெஸ்ட் பெஞ்சுல நின்னுட்டு இருந்தேன். எங்களுது பம்பு கம்பெனி. புது சப்மெர்சிபிள் மோட்டார் ஒண்ணைத் தண்ணித் தொட்டியில எறக்கி ஓட்டிப் பாத்துட்டு இருந்த நேரம், கையெல்லாம் கிரீஸு, ஜோப்புல போன் அதிருது. தொடைச்சுட்டு எடுத்துப் பாத்தா மெயில். மொத வரியே நன்றி. நன்றியில ஆரம்பிச்சா அது நல்ல சேதி இல்லைன்னு வேலை தேடின காலத்துலயே படிச்ச பாடம்தான். நல்ல சேதி சொல்லப்போறவன் எதுக்கு நன்றி சொல்றான். கடைசி வரியில உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துறோம்னு இருந்துச்சு. ஆளை வாசல்லயே நிறுத்திட்டு வாழ்த்து வேற. போனை ஜோப்புல போட்டுட்டு மோட்டாரோட ஆம்பியர் ரீடிங்கை எழுதினேன், சரியாவே எழுதினேன், அதுல எனக்கு ஒரு பெருமை வேற. அப்பத்தான் கேன்டீன் பக்கமிருந்து ஓன்னு சத்தம். ஆதர்ஷுக்குக் கெடைச்சிருச்சு. சாயங்காலம் கேக்கு வெட்டினாங்க. அக்கா நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு என்னைத்தான் முன்னாடி தள்ளினாங்க, அவன் வேலைக்குச் சேந்தப்ப பழக்கிவிட்டது நானாச்சே. பேசினேன். எங்க டிபார்ட்மென்டுக்கே பெருமைன்னு சொன்னேன். ஆபீஸ்ல நான் அப்ளை பண்ணினது அவனுக்கும் எங்க மேனேஜர் சாருக்கும் மட்டும்தான் தெரியும். ரெண்டு பேரும் எனக்கு என்னாச்சுன்னு கேக்கலை. கேக்கோணும்னு தோணலை போல. அவன் கேக்கை எடுத்து என் வாயில ஊட்டினான், கிரீம் மூக்குல அப்பிக்கிச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வண்டியில வரும்போது ஹெல்மெட்டுக்குள்ள அழுதேன். ஹெல்மெட்டுக்குள்ள அழுதா ஒரு வசதி, சிக்னல்ல யாரும் என்னம்மா ஆச்சுன்னு கேக்க மாட்டாங்க.

அதோட விட்டிருக்கலாம். விட்டேனா? மெயிலுக்கு அடியில, எதனால கெடைக்கலைன்னு தெரிஞ்சுக்கணும்னா போன்ல பேசலாம்னு ஒரு வரி. புண்ணைக் குத்திப் பாக்காம இருந்தா எனக்குத் தூக்கம் வராதே. பேசினேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, என்னைவிடச் சின்னதா இருக்கும், தேனாப் பேசுச்சு. பரீட்சை மார்க் நல்லா இருக்குன்னுச்சு. கட்டுரை தெளிவா இருக்குன்னுச்சு. இன்டர்வியூவுல நிதானமாப் பேசினீங்கன்னுச்சு. எல்லாம் நல்லா இருந்தா நான் எதுக்குடி வெளிய நிக்கறேன்னு கேக்கலை, "சரீங்க, சரீங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில கொஞ்சம் இழுத்துச்சு. "பரிந்துரை லெட்டர்தான் மேடம்... எப்படிச் சொல்றது, உங்க மேலதிகாரிக்கு உங்க மேல பெரிசா நம்பிக்கை இல்லையோன்னு கமிட்டிக்குத் தோணிருச்சு." எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்க முடியாம சிரிச்சேன். அந்தப் பொண்ணு பயந்துட்டு, "மேடம், மேடம், லைன்ல இருக்கீங்களா"ங்குது. என்னத்தைச் சொல்ல? அந்த லெட்டரை எழுதினது என் மேலதிகாரி இல்லை கண்ணு, நான். என் மேல நம்பிக்கை இல்லைன்னு எழுதினது நான்தான்.

"அக்கா, இந்த உருளைக்கிழங்கு வறுவல் செமயா இருக்கு. நீங்க இன்னும் சாப்பிடலையா?" திரும்பிப் பாத்துக் கேக்கறான். பின்னாடி நிக்கறவளைப் பாத்து சாப்பிடலையாங்கறான். இவனுக்கா சிபாரிசு லெட்டர்ல பகுத்தறியும் திறன் மிக நன்றுன்னு எழுதினேன்? எழுதினேன். அதுக்கு மேலயே எழுதினேன். "நீ மெதுவா சாப்பிடு தம்பி, ஒண்ணும் அவசரமில்லை"ங்கறேன். கால் கடுக்குது, பின் குத்தின எடத்துல புடவை இழுக்குது, மெதுவா சாப்பிடுங்கறேன். அம்மா அந்தப் பக்கமிருந்து என்னை ஒரு பார்வை பாக்குது. நல்ல பொண்ணு வளத்திருக்கோம்ங்கற பார்வை. வத்தக்குழம்பு வாளி வருது, அவன் சோத்துல பள்ளம் பறிச்சு வாங்கிக்கறான்.

எங்க கம்பெனியில இதுதான் வழக்கம், எங்க கம்பெனியில மட்டுமா, எல்லா எடத்துலயும்தான். சர்டிபிகேட்டா, சிபாரிசா, அவார்டுக்குப் பேர் குடுக்கறதா, யாருக்கு வேணுமோ அவங்களே எழுதிக் கொண்டு போகோணும், பெரியவங்க கையெழுத்துப் போடுவாங்க. பாலதண்டபாணி சார் எங்க ஜெனரல் மேனேஜர், இன்னைக்குப் பொண்ணைக் கட்டிக் குடுக்கறவரு, நல்ல மனுசன், யாரையும் கெடுக்கணும்னு நினைக்க மாட்டாரு, அதே மாதிரி யாரைப் பத்தியும் நினைக்கவும் மாட்டாரு. "சார், காலேஜிலிருந்து உங்களுக்கு ஒரு மெயில் வரும், என்னைப் பத்தி எழுதோணும்"னு போய் நின்னப்ப, தலையத் தூக்காம, "நீயே எழுதிப் போட்டு உடும்மா, பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமல்ல"ன்னாரு. தெரியும். அவரோட மாசாந்திர ரிப்போர்ட் எல்லாம் நான்தானே அனுப்பறேன். அப்படியே ஆதர்ஷும் அதே மாசம் அதே காலேஜுக்குப் போடறான்னு தெரிஞ்சதும், "அவனுக்கும் நீயே எழுதிரு தாரணி, உனக்குத்தான் எழுத்து நல்லா வரும்"னாரு. ஆதர்ஷும், ஆமாங்க்கா, நீங்கதான் கரெக்டா எழுதுவீங்கன்னான். கரெக்டாத்தான் எழுதினேன். ஒரே ஞாயித்துக்கிழமை, ஒரே மேசை, காலையில எனக்கு, மத்தியானம் அவனுக்கு.

எனக்கு எழுத உக்காந்தா கை கூசுது. சாரோட நாற்காலியில சார் மாதிரி உக்காந்து தாரணியைப் பத்தி எழுதோணும். தாரணி துணிச்சலானவர்னு எழுதினேன், அடிச்சேன். தன்னைத்தானே மெச்சிக்கறா பாருன்னு யாரோ பின்னாடி நின்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. சார் படிச்சுட்டா என்ன நினைப்பாரு? சார் படிக்க மாட்டாருன்னு தெரியும், இருந்தாலும் படிச்சுட்டா? துணிச்சலை எடுத்துட்டுப் பொறுமைன்னு போட்டேன். முடிவெடுத்தார்ங்கறதை எடுத்துட்டு, குழுவோடு இணைந்து ஒத்துழைத்தார்னு போட்டேன். அப்புறம் அந்தக் கட்டங்க வந்துச்சு. கூட வேலை செய்யறவங்களோட ஒப்பிட்டா இவர் எப்படி, சராசரியா, நல்லா, மிக நல்லா, இதுவரை நான் பாத்ததுல முதல் சில பேர்ல ஒருத்தரா. கடைசிக் கட்டத்துல டிக் அடிக்க விரல் போகவே இல்லை. மூணாவதுல அடிச்சேன், அதுவே அதிகம்னு நினைச்சேன். குறை ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டிருந்தான். ஊர்ல இருக்கற குறையெல்லாம் எனக்குத் தெரியுமே. முன்வந்து பேசத் தயங்குவார்னு எழுதினேன். உண்மையைத்தானே எழுதினோம்னு ஒரு நிம்மதி. மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து ஆதர்ஷுக்கு உக்காந்தா, என்னமா வருது. அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கோலம் போடற மாதிரி கை தானா ஓடுது. துணிச்சல், தலைமை, தொலைநோக்கு. எல்லாம் கடைசிக் கட்டம், ஒண்ணு விடாம. குறைன்னு கேட்ட எடத்துல, ஓய்வே எடுக்காமல் உழைக்கிறார்னு எழுதினேன். எழுதிட்டு எனக்கே சிரிப்பு. மத்தியானம் ரெண்டு மணிக்கு இவனைத் தேடினா ஸ்டோர் ரூம்ல அட்டைப்பெட்டி மேல சாஞ்சு போன் பாத்துட்டு இருப்பான். இருந்தாலும் பையன் முன்னேறட்டும்னு எழுதினேன். மனசார எழுதினேன். அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது. வேண்டா வெறுப்பா எழுதியிருந்தாக்கூட ஆறியிருக்கும்.

ரசம் வந்துருச்சு. எங்க அம்மா காவல் நிக்கற நாற்காலியில இருக்கற பொம்பளை இலையை வழிச்சு மோருக்கு ரெடியாகுது, எங்க அம்மா எனக்குக் கண்ணைக் காட்டுது, பாத்தியா நான் நின்ன எடம்ங்கற மாதிரி. இவன் ரசத்தை ரெண்டு தடவை வாங்கறான். வாங்கித் தின்னு. உன் பசி உனக்கு. அந்த கன்டெய்னர் கதையை வேற இவன் லெட்டர்ல எழுதிக் குடுத்தேன் நான். போன வருசம் ஆப்பிரிக்காவுக்குப் போற மோட்டார் லோடு, கன்டெய்னர் சீல் வெச்சு கேட்டுல நிக்குது, மழை தூறுது. அன்னைக்குக் காலையில டெஸ்ட் பெஞ்சுல ஒரு மோட்டார் லேசாப் பொகைஞ்சுது. மத்தவங்களுக்கு அது ஒரு மோட்டார். எனக்கு அந்த வாசம் மூக்கைவிட்டுப் போகலை. மோட்டாருக்குள்ள காயிலாச் சுத்தற கம்பியில பூசின வார்னிஷ் சூட்டுல சரியா வேகாத வாசம் அது, அந்தக் கோளாறு அந்த லாட்ல வந்த கம்பி அத்தனையிலயும் இருக்கும். ஓடிப் போய் கேட்டை மூடச் சொன்னேன். லாரி டிரைவரு திட்டறாரு, கேட்ல செக்யூரிட்டி என்னைப் பாக்கறாரு, போன்ல சாரு கத்தறாரு, "உனக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தது, கப்பல் போயிரும், எம்டிக்கு நீயா பதில் சொல்லுவே"ங்கறாரு. நான் கேட்டுக்கு முன்னாடி நின்னேன். "நான் சொல்றேங் சார், பிரிச்சுப் பாக்காம வண்டி போகாதுங் சார்"னேன். என் குரலா அதுன்னு எனக்கே ஆச்சரியம். ஆதர்ஷைக் கூப்பிட்டு சீலை உடைக்கச் சொன்னேன், உடைச்சான். பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல வேகாத வார்னிஷ். அத்தனையும் நடுக்கடலைத் தாண்டிப் போய் எவனோ ஒருத்தன் வயக்காட்டுல கருகியிருக்கும், கம்பெனி பேரும் சேந்து கருகியிருக்கும். மறுநா சாரு ஒண்ணும் சொல்லலை. டீ மட்டும் வாங்கிக் குடுத்தாரு. இது என் லெட்டர்ல எப்படி வந்துச்சு? ஏற்றுமதித் தரப் பிரச்சினை ஒன்றைத் தீர்க்க உதவினார். உதவினார்! ஆதர்ஷ் லெட்டர்ல எப்படி வந்துச்சு? நெருக்கடியான நேரத்தில், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், கன்டெய்னரின் சீலை உடைத்துத் திறந்தார். பொய்யில்லை. உடைச்சான். நான் சொன்னேன்ங்கற ஒரு சின்ன விசயத்தை விட்டுட்டேன். என்னைப் பத்தி நானே அவன் லெட்டர்ல எப்படி எழுதறதுன்னு விட்டுட்டேன்.

சரி, இனி என்ன பண்ணப் போறேன்னு பாக்கோணும். மூணு நாளா ராத்திரி பகலா இதேதான். அட்மிஷனுக்கு ரெண்டாவது ரவுண்டு இன்னும் தொறந்திருக்கு, அதே காலேஜுக்குத் திருப்பிப் போடலாம், திருப்பிப் போடறவங்களைக் கொஞ்சம் மதிப்பாங்கன்னு நெட்டுல ஒருத்தன் எழுதியிருக்கான், மதிக்கவே மாட்டாங்கன்னு இன்னொருத்தன் எழுதியிருக்கான். இல்லைன்னா ஒரு படி எறங்கி வேற நாலு காலேஜுக்குப் போடலாம். எறங்கறதுன்னா எனக்கு நல்லா வரும், சொல்லவே வேண்டியதில்லை. பரீட்சையைத் திருப்பி எழுதலாம், ஆனா மார்க்குல குறையில்லையே. கட்டுரையை மாத்தலாம். ஏன் எம்பிஏன்னு கேட்டதுக்கு நான் எழுதினது நாட்டோட உற்பத்தித் துறை, விவசாயி, தண்ணி, அது இது. உள்ளதை எழுதவா? சுந்தரேசன் சார் இன்னும் ரெண்டு வருசத்துல ரிடையர் ஆகறாரு, பிளான்ட் ஹெட் நாற்காலி காலியாகுது, "எம்பிஏ மட்டும் முடிச்சிட்டு வந்துரு தாரணி, அந்த எடம் உனக்குத்தான், நான் பாத்துக்கறேன்"னு பாலதண்டபாணி சார் வாயாலயே சொல்லியிருக்காரு, எனக்கு அந்த நாற்காலி வேணும். கேட்டை மூடுன்னா எதுக்குன்னு கேக்காம மூடோணும். அதுக்குத்தான் எம்பிஏ. இதை எழுதினா அந்தத் தேனாப் பேசற பொண்ணு என்ன சொல்லும். எனக்கு முப்பத்தொண்ணு முடிஞ்சுது, அடுத்த வருசம்னா காலேஜுக்கு நான் கிழவி. இந்த ரவுண்டுதான். இந்த ரவுண்டுக்கு சார் லெட்டர் வேணும், அதுவும் சாரே எழுதின லெட்டர். நாளைக்குப் பொண்ணைக் கொண்டு விட சிங்கப்பூர் போறாரு, வர ஒரு மாசமாகும், ரவுண்டு முடிஞ்சிரும். அதனாலதான் இந்தப் புடவை, இந்தப் பூவு. இன்னைக்குக் கேக்கோணும். சார், இந்த வாட்டி நீங்களே எழுதுங்க. அவ்வளவுதான். காலையிலிருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே இருக்கேன். முகூர்த்தத்துல அட்சதை போடும்போதுகூட இதேதான் ஓடுச்சு.

பாயசம். அவன் இலையில ஊத்தினதும் ஓடுது, கையால அணை கட்டறான், வழிச்சு வழிச்சுக் குடிக்கறான், "அண்ணா, இன்னொரு கரண்டி"ங்கறான். எத்தனை சுலபமாக் கேக்கறான். எனக்கு ஏழு வயசு இருக்கும், அம்மாவோட சொந்தக்காரங்க வீட்டு விசேசம், பொள்ளாச்சிப் பக்கம். பால்கோவா வெச்சாங்க. தின்னுட்டு இன்னொண்ணு வேணும்னேன். வெக்கறவரு சிரிச்சுட்டு வெச்சாரு. இலைக்கு அடியில அம்மா தொடையில கிள்ளினது இன்னும் ஞாபகம் இருக்கு. வீட்டுக்கு வந்ததும், "அடுத்தவங்க பந்தியில கேட்டு வாங்கித் திங்கறதா? வெக்க வரும்போதே கையக் குறுக்க நீட்டிப் போதும் போதும்ங்கோணும். அவங்களா வற்புறுத்தி வெப்பாங்க. அப்பத்தான் மரியாதை"ன்னுச்சு. பழகிட்டேன். எங்க போனாலும் போதும்ங்க, போதும்ங்கன்னே சொல்லிப் பழகிட்டேன். அவங்களா வற்புறுத்தி வெப்பாங்கன்னு நம்பிட்டே இருந்தேன். அந்தக் காலேஜ்க்காரங்களும் வற்புறுத்துவாங்கன்னு நினைச்சேனோ என்னவோ. மூணாவது கட்டத்துல டிக் அடிச்சிருக்கா, ரொம்ப அடக்கமான பொண்ணு, நாம இழுத்து நாலாவதுல வெப்போம்னு. காலேஜ்க்காரனுக்கென்ன தலையெழுத்து. அவன் அடுத்த இலைக்குப் போயிட்டான்.

சாரு வர்றாரு. பட்டு வேட்டி, நெத்தியில வேர்வை, ஒவ்வொரு இலையா விசாரிச்சுக்கிட்டே வர்றாரு, பொண்ணைக் கட்டிக் குடுக்கறவரு பந்தி விசாரிக்காட்டி ஊரு சும்மா இருக்குமா. "நல்லாச் சாப்பிடுங்க, கூச்சப்படாமக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க." எங்க பக்கம் வந்ததும் ஆதர்ஷ் தோள்ல கை வெச்சாரு, அப்புறம் என்னைப் பாத்தாரு. "அட, தாரணி. இன்னும் நிக்கறியா? அம்மா, வாங்க, சௌக்கியங்களா?" அம்மா கும்பிட்டுச்சு. கேளு. இப்பக் கேளு. "சார், ஒரு விசயம்ங் சார். நான் ரெண்டாவது ரவுண்டு போடலாம்னு..."ன்னேன். அம்மா சட்டுனு என் பக்கம் திரும்புச்சு, ரெண்டாவது ரவுண்டுங்கறது காதுல விழுந்துருச்சு, அம்மா ஒண்ணும் மக்கு இல்லை. "போடு, போடு, தாராளமாப் போடு. நீயே எழுதிப் போட்டு உடு, அதே பாஸ்வேர்டுதான்"னாரு சாரு. "இல்லீங் சார். இந்த வாட்டி நீங்களே எழுதுங்க சார்." சிரிச்சாரு. கோவமில்லாத நல்ல சிரிப்பு. "என்னம்மா நீ. உன்னைப் பத்தி நான் என்னத்தை எழுதறது? நீ எழுதினாத்தான் சரியா இருக்கும்." ஒம்பது வருசம். ஒம்பது வருசம் அவரு ரூமுக்கு எதிர்த்தாப்புல உக்காந்திருக்கேன். "ரெண்டு வரி சொல்லுங்க சார் போதும், நான் எழுதிக்கறேன்." அவரு பாவம், நெசமாவே யோசிச்சாரு. மேளச் சத்தம், இலைக்கு இலை வாளிச் சத்தம், அதுக்கு நடுவுல கண்ணை மூடிட்டு யோசிச்சாரு. "தாரணி... தங்கமான பொண்ணு. பொறுமைசாலி. எல்லாரோடவும் ஒத்துழைச்சுப் போகும். கொஞ்சம் முன்வந்து பேசிப் பழகோணும், அவ்வளவுதான் குறை." ஒரு வார்த்தை மாறலை. நான் படிக்க மாட்டாருன்னு நினைச்ச மனுசன் ஒம்பது வருசமா என்னைப் படிச்சிட்டுத்தான் இருந்திருக்காரு, நான் குடுத்ததை அப்படியே படிச்சிருக்காரு. அதோட விட்டாரா. ஆதர்ஷ் தோளைத் தட்டினாரு. "இவனைப் பாரு. அன்னிக்கு ஒருத்தனைக் கேக்காம கன்டெய்னரை உடைச்சு நிறுத்தினான் பாரு, அது இருக்கோணும். அந்த லெட்டரை எம்டி ரூம்லயே படிச்சுக் காட்டினேன், என்னமா எழுதியிருந்தே நீ. எம்டி அசந்துட்டாரு. பையன் படிச்சு முடிச்சு வரட்டும், சுந்தரேசன் எடத்துல போட்டுரலாம்னு சொல்லிட்டாரு."

"நிறுத்தினது நான்ங் சார்." சொல்லிட்டேன். சத்தமாவே சொல்லிட்டேன் போல, பக்கத்து இலையில மோர் குடிச்சுட்டு இருந்த அந்தப் பொம்பளை நிமுந்து பாத்துச்சு. "நீங்க போன்ல கத்தினீங்க சார். உனக்கு யாரு அதிகாரம் குடுத்ததுன்னு கேட்டீங்க. என்னைத்தான் சார் கேட்டீங்க." சாரோட முகம் ஒரு நிமிசம் என்னமோ தேடுச்சு. கெடைக்கலை. அவருகிட்ட இருக்கறது நான் எழுதிக் குடுத்தது மட்டும்தான், நடந்தது அவருகிட்ட இல்லை. "அட, யாரு நிறுத்தினா என்னம்மா, எல்லாரும் சேந்துதானே கம்பெனி"ன்னு சொல்லிட்டு, "மாமா, பாயசம் வாங்கினீங்களா"ன்னு அடுத்த இலைக்குப் போயிட்டாரு. ஆதர்ஷ் இலையைப் பாத்துட்டே இருந்தான். காது சிவந்திருந்துச்சு, அந்த அளவுக்கு நல்லவன்தான். மோரை மட்டும் குடிச்சான், ஐஸ்கிரீமைத் தொடலை. இலையை மூடிட்டு எந்திரிச்சு, "அக்கா, நீங்க உக்காருங்க"ன்னான், அப்புறம் போக மாட்டாம நின்னு, எச்சக்கையோட, தரையைப் பாத்துட்டு, "அக்கா, ஸ்காலர்ஷிப்புக்கு இன்னொரு லெட்டர் கேட்டிருக்காங்க. சாரு உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு"ன்னான். என்னால சிரிக்க முடியலை, திட்டவும் முடியலை. "நீயே எழுதிக்க தம்பி. அதான் வழக்கம்"னேன். அவன் எழுதிக்குவான். அவனுக்குக் கை கூசாது. என்கிட்ட ஒண்ணுக்கு நாலாக் கத்துக்கிட்டவன்தானே.

உக்காந்தேன். பக்கத்துல அம்மா உக்காந்துச்சு. எச்சிலையோட பேப்பரைச் சுருட்டிட்டுப் போய்ப் புது இலை போட்டாங்க, தண்ணி தெளிச்சுத் தொடைச்சேன். அம்மா குனிஞ்சு, மெதுவா, "எப்பக் கண்ணு வந்துச்சு ரிசல்ட்டு?"ன்னுச்சு. "வியாழக்கிழமை." "எங்கிட்ட ஏன் சொல்லலை?" தொடைச்ச இலையையே திருப்பித் தொடைச்சேன். இன்னைக்கு வீட்டுக்குப் போய் எழுதோணும். வேற வழியில்லை, நான்தான் எழுதோணும், என்னைப் பத்தித் தெரிஞ்சவ இந்த ஊர்ல நான் ஒருத்திதான். தாரணிங்கறது வேற யாரோ ஒருத்தின்னு நினைச்சுக்கிட்டு, பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டு, அன்னைக்கு மத்தியானம் ஆதர்ஷுக்கு எழுதின கையாலயே எழுதோணும். எல்லாம் நாலாவது கட்டம். கேட்டுக்கு முன்னாடி நின்னாள்னு எழுதோணும். மழை தூறுச்சுன்னுகூட எழுதோணும். குறைன்னு கேட்டா, குறை ஒண்ணுமில்லைன்னு. கடைசி நாளு நெருங்குது, ராத்திரியே உக்காந்துருவேன், இந்தத் தடவை கை கூசாது, கூசவே கூசாது. லட்டு வாளி வந்துருச்சு. வெக்கறவரு அம்மா இலையில ஒண்ணு வெச்சுட்டு என் பக்கம் குனிஞ்சாரு, "வைக்கட்டுங்களா?"ன்னாரு. என்னமோ சொன்னேன். அவரு தலையாட்டிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டாரு. அம்மா என் இலையைப் பாக்குது, என் முகத்தைப் பாக்குது. என்ன பாக்குதுன்னு நானும் குனிஞ்சு பாத்தேன். இலைக்குக் குறுக்க என் கை நீண்டிருக்கு, விரலெல்லாம் விரிச்சு.

"இன்னும் ஒண்ணுமே வெக்கலையே கண்ணு," அம்மா என் கையைப் பிடிச்சு நகத்துச்சு, "அதுக்குள்ள எதுக்குப் போதும்ங்கறே?"